சன்னல் சட்டத்தின் வடிகால் துளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய மரச் சன்னல்களைக் கழற்றிவிட்டு யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) சன்னல்களைப் பொருத்துவோரிடம் ‘கரையான் அரிக்காது, பெயின்ட் வேண்டாம்’ என்று சொல்லி விற்பவர்கள், சட்டத்தின் அடியில் மழைநீர் வெளியேறுவதற்கென்றே சிறு துளைகள் இருப்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டில், ஆடிக்காற்றில் சேர்ந்த புழுதி அத்துளைகளை அடைத்துக்கொண்டதால், ஐப்பசி மழையின்போது சன்னல் ஓடும் தடத்தில் தண்ணீர் நிரம்பி உள்ளே வழிந்தது. பொருத்தியவரைக் கடிந்துகொண்ட பிறகுதான், ஓர் ஈர்க்குச்சியால் தீர்ந்துவிடும் வேலை அது என்பது தெரிந்தது.

சட்டத்தைத் துடைக்க மிதமான சோப்பு நீரும் மென்துணியும் போதும். தின்னர், அசிட்டோன், கம்பி நார் ஆகியவை மேற்பரப்பைக் கெடுத்துவிடும். சக்கரங்களுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளின் பழக்கம் (என் தாயாரும் அதைத்தான் செய்தார்). ஆனால் அதில் தூசி ஒட்டி இறுகிவிடுவதால், சிலிகான் ஸ்பிரேயே உகந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர் கண்ணாடியில் விடும் உப்புக்கறைக்கு, நீர் கலந்த வினிகர் உதவும்.

துளைகளை நேரில் காட்டி, பராமரிப்பு முறையைத் தமிழில் அச்சிட்டு வழங்குவதை விற்பனையாளர்கள் வழக்கமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.