விளையாட்டு விழா அளவுகள்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பெரும்பாலான வகுப்புகளில் தேர்ச்சி உயர்ந்திருக்கிறது. அறிவியல் கண்காட்சி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். உழைத்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். ஆண்டு விளையாட்டு விழாவும் சிறப்பாக நடந்தது.

அந்த விழாவுக்குப் பிறகு எழுந்த ஒரு விஷயம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீளம் தாண்டுதலில் ஒரு மாணவர் 4.90 மீட்டர் தாண்டி மூன்றாமிடம் பெற்றார். இரண்டாமிடம் 5.00 மீட்டர். வீட்டில் கைபேசியில் அடிக்கு மாற்றிப் பார்த்தபோது 16.08 என்று வந்திருக்கிறது. அதை 16 அடி 8 அங்குலம் என்று எடுத்துக்கொண்டார்கள். 16 அடி 8 அங்குலம் என்றால் 5.08 மீட்டர். உடனே, பிள்ளையின் அளவில் 18 செ.மீ. குறைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஆனால் 16.08 அடி என்பது 16 அடியும் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவும்தான். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால், புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை அப்படியே அங்குலமாகப் படிக்க முடியாது. இதே தவறு பிள்ளைக்குப் பாதகமாகவும் திரும்பும். உயரம் தாண்டுதலில் 1.50 மீட்டர் என்பது 4.92 அடி. அதை 4 அடி 9 அங்குலம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது 4 அடி 11 அங்குலம்.

சரியாக மாற்ற வேண்டுமென்றால் சென்டிமீட்டரை 2.54-ஆல் வகுத்துவிடுங்கள், மொத்த அங்குலம் கிடைக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஈவு அடி, மீதி அங்குலம்.

அடியில் யோசிப்பது தவறே இல்லை. ஆள் உயரத்தையும் வீட்டு மனையையும் நாம் இன்றும் அடியில்தான் சொல்கிறோம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டியபோது, அது 29 அடி 2½ அங்குலம் என்று சக வீரர் சொன்ன பிறகுதான் அவருக்கே அந்தத் தாண்டலின் அருமை புரிந்தது. நம் தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-இல் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். 27 அடி 7 அங்குலத்துக்கும் மேல் என்று சொல்லும்போது பிள்ளைகளின் கண் விரிகிறது. அப்படிச் சொல்லி ஊக்கப்படுத்துங்கள்.

ஆனால் பதிவு மீட்டரில் மட்டுமே இருக்கும். நாடாவில் முழு சென்டிமீட்டர் வரைதான் கணக்கு, அதற்கு மேல் மில்லிமீட்டரில் வருவது விடப்படும். இது சர்வதேச விதி, எல்லோருக்கும் பொது. அமெரிக்காவில் அடி, அங்குலத்தில் அளக்கும் போட்டிகளில் கால் அங்குலத்துக்கு இறக்கி எழுதுவார்கள். 4.90 மீட்டரை அந்த முறையில் 16 அடி ¾ அங்குலம் ஆக்கி மறுபடி மீட்டருக்குக் கொண்டுவந்தால் 4.89 ஆகிவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் போதும், பதக்கம் கைமாற. அதனால்தான் விளையாட்டு விடுதித் தேர்வு விண்ணப்பங்களில் அடிக்கணக்கு எழுத வேண்டாம் என்கிறோம்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் பிள்ளைகளோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை. அங்கே பள்ளிகளில் 1600 மீட்டர் ஓடுகிறார்கள், நாம் 1500. மைல் என்பது 1609 மீட்டருக்கும் சற்று மேல். நம் மாணவியின் 1500 மீட்டர் நேரத்தை மைல் நேரம் என்று சொன்னால் நூறு மீட்டருக்கும் மேல் ஓடாமலே கணக்கில் சேர்ந்துவிடும். குண்டு எறிதலில் எடையே வேறு: அங்கே மாணவர்களுக்கு 12 பவுண்டு, அதாவது 5.44 கிலோ. நம் 17 வயதுக்குட்பட்ட மாணவர்கள் எறிவது 5 கிலோ.

இரண்டு விஷயங்களை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சான்றிதழில் பேனாவால் அடி, அங்குலம் எழுதவோ, எண்ணைத் திருத்தவோ கூடாது. திருத்திய சான்றிதழுக்குப் பள்ளி கையொப்பம் இடாது. அடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உடற்கல்வி ஆசிரியரின் நேர்மையைச் சந்தேகித்து எழுதுவதை ஏற்க முடியாது. அதைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அளவில் சந்தேகம் இருந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள், பதிவேட்டைக் காட்டுகிறோம்.

கேள்வி கேட்ட பெற்றோர் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. பிள்ளையின் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் மதிக்கும் பெற்றோர் கிடைப்பது பள்ளிக்குப் பலம். விடியற்காலையில் மைதானத்துக்கு அழைத்து வருகிறீர்கள், ஸ்பைக்ஸ் வாங்கித் தருகிறீர்கள், வெயிலில் நின்று கைதட்டுகிறீர்கள். அதற்கெல்லாம் மனமார்ந்த நன்றி. விளையாட்டு விடுதித் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர்கள் படிவத்தை நிரப்பும் முன் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சனிக்கிழமை காலை அவர் மைதானத்தில்தான் இருப்பார்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்