நெட் ஸ்லோன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி ஒரு பழைய லேப்டாப்பை ஓட விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பத்திரிகைல கம்ப்யூட்டர் சம்பந்தமா எழுதுறப்ப புது போன், புது லேப்டாப், எந்த பிளான் லாபம்னுதான் நிறைய வருது, அதெல்லாம் வேணாம்னு சொல்லல, ஆனா வீட்லயும் சின்ன கடைலயும் தினமும் கஷ்டப்படுற ஒரு விஷயத்த யாரும் எழுத மாட்டேங்குறாங்களேன்னுதான் இந்த லெட்டர். நான் வில்லிவாக்கம், கொளத்தூர், பாடி பக்கம் சின்ன ஆபீஸ், டியூஷன் சென்டர், ஜெராக்ஸ் கடை இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறவன். எனக்கு வர்ற போன்ல பாதி "நெட் ஸ்லோவா இருக்கு சார், என்னன்னு பாருங்க"தான்.

நெட் ஸ்லோன்னா மக்கள் என்ன பண்றாங்க, மொபைல்ல ஸ்பீடு டெஸ்ட் போடுறாங்க, கஸ்டமர் கேருக்கு போன் பண்றாங்க, அவங்க ரௌட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கங்குறாங்க, லைன்மேன் மறுநாள் காலைல வர்றப்ப எல்லாம் நல்லா ஓடும், "எங்க சைடு க்ளியர் சார்"னு சொல்லிட்டு போயிடுவாரு. சாயங்காலம் 7 மணிக்கு திரும்ப அதே கதை. கடைசில கடைக்காரர் வெறுத்துப்போய் 50 எம்பிபிஎஸ் பிளான 200 ஆக்கிடுறாரு, மாசாமாசம் காசு போகுது, பிரச்சினை அப்படியே இருக்கு. ஸ்பீடு டெஸ்ட் அந்த நிமிஷத்த மட்டும்தான் சொல்லும். நேத்து ராத்திரி என்ன நடந்துச்சுன்னு சொல்ல கூடவே ஒண்ணு முழிச்சிருக்கணும்.

அந்த வேலைக்கு மூலைல தூசி படிஞ்சு கிடக்குற பழைய லேப்டாப் போதும், சாஃப்ட்வேருக்கு ஒரு பைசா வேணாம். இதத்தான் நான் சொல்ல வந்தது.

ஸ்மோக்பிங்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. டோபி ஓட்டிக்கர்ங்குற சுவிஸ்காரர் எழுதினது. அவரு இதுக்கு முன்னாடி இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்குற டி மான்ட்ஃபோர்ட் யுனிவர்சிட்டில இருந்தப்ப மொத்த கேம்பஸுக்கும் வெளியுலகத்துக்கு போற லைன் ஒரே ஒரு 64 கிலோபிட்தான், அந்த லைன் எவ்ளோ நெரிசலா ஓடுதுன்னு பாக்கத்தான் 1995ல எம்ஆர்டிஜின்னு ஒரு ப்ரோக்ராம் எழுதி எல்லாருக்கும் சும்மா குடுத்தாரு. அப்புறம் 1999ல டேட்டாவ சேத்து வச்சு கிராஃப் வரையுற ஆர்ஆர்டிடூல், அதுக்கு மேல ஸ்மோக்பிங். பெரிய கம்பெனி லேப்ல காசு கொட்டி செஞ்சதில்ல, மெதுவான லைன வச்சு அவஸ்தைப்பட்ட ஒருத்தர் செஞ்சது, அதனாலதான் நம்ம நிலைமைக்கு இவ்ளோ சரியா பொருந்துதுன்னு எனக்குத் தோணும். ட்ரையல் முடிஞ்சிடுச்சு காசு கட்டுன்னு ஒருநாளும் கேக்காது.

வேலை செய்ற விதம் ரொம்ப சிம்பிள். பிங்னு ஒரு கமாண்ட் இருக்குல்ல, 1983 டிசம்பர்ல மைக் மூஸ்ங்குறவர் அமெரிக்க ராணுவ லேப்ல உக்காந்து ஒரே ராத்திரில எழுதினது, இன்னிக்கும் எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்கு. பாக்கெட்னு சொல்ற ஒரு சின்ன டேட்டா துண்ட அனுப்பி, அது திரும்பி வர எத்தன மில்லி செகண்ட் ஆச்சுன்னு சொல்லும், வராட்டி தொலஞ்சதுன்னு சொல்லும். ஸ்மோக்பிங் இதையே 5 நிமிஷத்துக்கு ஒருதரம் 20 பாக்கெட்டா அனுப்பி கிராஃபா வரஞ்சு வச்சிடும். எல்லாம் திரும்பி வந்தா பச்சை கோடு, தொலைய தொலைய நீலம், ஊதா, சிவப்புன்னு மாறும், நேரம் ஏறி இறங்கினா கோட்ட சுத்தி சாம்பல் கலர்ல புகை மாதிரி படரும். படிக்கத் தெரியாதவங்ககிட்ட காட்டினாக்கூட இங்கதான் ஏதோ ஆயிருக்குன்னு புரியும். டேட்டாவ வைக்கிற ஃபைல் சைஸ் மாறவே மாறாது, பழைய கணக்க சராசரியா சுருக்கி வச்சுட்டே போகும், ஒரு இடத்த கவனிக்க சில எம்பிதான் ஆகும், அதனால பழைய ஹார்டுடிஸ்க் ரொம்பிடுமோன்னு பயமே வேணாம். விண்டோஸுக்கு பதிலா டெபியன் லினக்ஸ்ங்குற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்த, ஐகான் ஸ்கிரீன் எதுவும் இல்லாம வெறும் கமாண்டோட போட்டா 1 ஜிபி ராம் உள்ள மெஷின்லயே ஓடுது.

எத கவனிக்கச் சொல்றோங்கறதுதான் முக்கியம், இத கொஞ்சம் பொறுமையா படிங்க. மூணு இடம் குடுக்கணும். ஒண்ணு நம்ம வீட்டு ரௌட்டர். ரெண்டு, ரௌட்டர தாண்டினதும் வர்ற இன்டர்நெட் கம்பெனியோட முதல் பெட்டி, அதோட ஐபி நம்பர விண்டோஸ்ல ட்ரேசர்ட் (tracert 8.8.8.8) கமாண்ட் போட்டா ரெண்டாவது வரில பாக்கலாம். மூணு, வெளிய எங்கயாவது, கூகுளோட 8.8.8.8ங்குற சர்வர் மாதிரி. லேப்டாப்ப ரௌட்டர்ல வயர்லதான் மாட்டணும், வைஃபைல விட்டா வைஃபையோட கோளாறும் கலந்துடும். இப்ப ரௌட்டர் கோடே சிவந்தா குத்தம் நம்ம வீட்டுக்குள்ள, வயரோ ரௌட்டரோ பாக்கணும். ரௌட்டர் பச்சையா இருந்து மத்த ரெண்டும் சேர்ந்து சிவந்தா லைன்ல பிரச்சினை. மூணாவது மட்டும் கெட்டா அதுக்கும் அப்பால எங்கயோ. நடுவுல இருக்குற பெட்டி மட்டும் சிவந்து மூணாவது சுத்தமா இருந்தா அத வச்சு சண்டைக்கு போகாதீங்க, நிறைய ரௌட்டர் பிங்குக்கு பதில் சொல்றத கடைசி வேலையா வச்சிருக்கும், நம்ம டேட்டா அதுவழியா ஒழுங்காதான் போயிட்டிருக்கும்.

ஒரு டியூஷன் சென்டர்ல இப்படி வச்சப்ப ரௌட்டர் சுத்த பச்சை, மத்த ரெண்டும் சாயங்காலமானா மில்லி செகண்ட் எகிறுது, ஆனா பாக்கெட் ஒண்ணும் பெருசா தொலயல. பாத்தா சிசிடிவி ரெக்கார்டர் கரெக்டா அந்த நேரத்துல நாள் முழுக்க எடுத்த வீடியோவ வெளிய அப்லோட் பண்ணிட்டு இருக்கு, அப்லோட் லைன் அடைச்சுக்கிச்சுன்னா டவுன்லோடும் தவிக்கும், எவ்ளோ பெரிய பிளானுக்கு நெட் கம்பெனி விளம்பரம் பண்ணாலும் இதான் நிலைமை. அப்லோட ராத்திரி 2 மணிக்கு மாத்தினோம், பிளான் மாத்த வேண்டிய அவசியமே வரல. இன்னொரு கடைல நேர் எதிர், மழை பேஞ்சாலே ரெண்டாவது கோடு சிவப்பு. கிராஃப பிரின்ட் எடுத்து குடுத்ததும் "எங்க சைடு க்ளியர்"னு சொல்ல முடியல, ஆள் அனுப்பி தெருமுனைல தண்ணி இறங்கின ஜாயின்ட் பாக்ஸ மாத்தினாங்க. சென்னைல ஐப்பசி கார்த்திகை மழையும், மெட்ரோவுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் தோண்டுற பள்ளமும் இருக்குறவரைக்கும் இந்த மாதிரி சான்று எல்லார் கைலயும் இருக்கணும்னு நான் மனசார நினைக்கிறேன். புகார் குடுத்தா டாக்கெட் நம்பர, அதாவது புகார் பதிவு நம்பர, கேட்டு வாங்கிக்கங்க, தீர்க்கலேன்னா அந்த கம்பெனிக்குள்ளயே மேல்முறையீடு இருக்கு, அங்க போறப்ப தேதி நேரத்தோட கிராஃப் இருந்தா பேச்சே வேற.

டெஸ்க்டாப்ப விட லேப்டாப்தான் இதுக்கு நல்லதுன்னு சொல்லுவேன். பழைய டெஸ்க்டாப் 70 வாட் இழுத்தாலே மாசத்துக்கு 50 யூனிட், லேப்டாப் ஸ்கிரீன ஆஃப் பண்ணி வச்சா 15 வாட்டு பக்கம், 11 யூனிட்டுல முடிஞ்சிடும். பேட்டரி நல்லா இருந்தா கரன்ட் போனாலும் ஓடும், ஆனா உப்பின பேட்டரின்னா கழட்டி, குப்பைல போடாம இ-வேஸ்ட் எடுக்குறவங்ககிட்ட குடுத்துடுங்க, அத வச்சு விளையாடக்கூடாது. ரௌட்டருக்கும் சின்ன யுபிஎஸ் இல்லேன்னா கரன்ட் போன நேரமெல்லாம் லைன் செத்த மாதிரி கிராஃப்ல விழும், அத தனியா குறிச்சு வச்சுக்கங்க.

பெரிய ஆபீஸ்ன்னா மொத்த நெட்வொர்க்கயும் கவனிக்கிற ஜாபிக்ஸ், லிப்ரெஎன்எம்எஸ்லாம் இருக்கு, அதுவும் இலவசம்தான், ஆனா டேட்டாபேஸ் ஓட்டணும், பழைய மெஷின் திணறும். அப்டைம் கூமான்னு இன்னொரு சாஃப்ட்வேர், லைன் போனா அழகா டெலிகிராம்ல மெசேஜ் அனுப்பும், நெட்டே போச்சுன்னா அந்த மெசேஜும் உள்ளயே மாட்டிக்கும்னு ஞாபகம் இருக்கட்டும். வயர்ஷார்க் அருமையான சாஃப்ட்வேர், ஆனா அது ஒவ்வொரு பாக்கெட்டயும் பிரிச்சு பாக்குறது, நாள் கணக்குல ஓட விட்டா ராம தின்னுடும், தினசரி கண்காணிப்புக்கு அது வேணாம். இன்னொண்ணு, உங்ககிட்ட வேலை செய்றவங்க எந்த சைட் பாக்குறாங்கன்னு வேவு பாக்குறதுக்கு இதையெல்லாம் எடுக்காதீங்க, அவங்களுக்குச் சொல்லாம அப்படி பண்றது தப்பு. ஸ்மோக்பிங் யாரோட டேட்டாவையும் தொடாது, லைன் உசுரோட இருக்கான்னு மட்டும் பாக்கும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதுல நல்லா ஓடுற எத்தனையோ மெஷின் ரிச்சி ஸ்ட்ரீட்ல எடைக்கு போயிட்டிருக்கு. 2011ல இருந்து தமிழ்நாடு அரசு ஸ்டூடண்ட்ஸுக்கு குடுத்த லேப்டாப்பும் நிறைய வீட்ல பரண் மேலதான் கிடக்கு. அரசுப் பள்ளி ஹைடெக் லேப், கிளை நூலகம், இ-சேவை மையம் இங்கெல்லாம் ஒவ்வொரு பழைய லேப்டாப்ப இப்படி மாட்டி வச்சா எந்த பள்ளிக்கு லைன் எப்ப போகுதுன்னு அதிகாரிங்களுக்கு வாய்வார்த்தையா இல்லாம படமாவே தெரியும். பாலிடெக்னிக் பசங்களுக்கு இத ப்ராஜெக்டா குடுக்கலாம், செலவு ஒரு லேன் கேபிள்தான்.

நான் உங்ககிட்ட கேக்குறது இதான். டெபியன் இன்ஸ்டால் பண்றதுல இருந்து ஸ்மோக்பிங்ல அந்த மூணு ஐபிய எழுதுறவரைக்கும், ஸ்கிரீன் படத்தோட, நல்ல தமிழ்ல நாலஞ்சு வாரத் தொடரா உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல போடுங்க. இங்கிலீஷ்ல ஆயிரம் இருக்கு, ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் டியூஷன் அக்காவுக்கும் அது போய்ச் சேரல. எழுத ஆள் இல்லேன்னா நானே எழுதித் தர்றேன், காசு வேணாம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலாளி,
வில்லிவாக்கம், சென்னை