உப்பு யார் கணக்கில்? தோல் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை தோல் நிறுவனங்களின் நிர்வாக இயக்குநர்களுக்கும் கொள்முதல் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெடுகிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. இடைப்பட்ட காலத்தில் உங்கள் ஆண்டறிக்கைகளில் 'நிலைத்த வளர்ச்சி' என்றொரு பக்கம் முளைத்திருக்கிறது. மரக்கன்று நடும் படமும் தவறாமல் இருக்கிறது. நாங்கள் கேட்பது அந்தப் பக்கத்தைப் பற்றி அல்ல, விலைக் கணக்குத் தாளைப் பற்றி.

உப்பிலிருந்து தொடங்குவோம். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். எடை போட்டு வாங்கும் இடத்தில், ஒட்டியிருக்கும் உப்புக்கும் தோல் விலைதான் கொடுக்கிறீர்கள். பிறகு அதே உப்பை முதல் ஊறல் தண்ணீரில் கரைத்து, வெளியேற்றப் பணம் கட்டுகிறீர்கள். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 30,000 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கும். வெளியேற்ற வரம்போ 2,100. சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத்தான் தின்னும், உப்பைத் தொடாது. எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ. வடிகட்டல்) உப்பைப் பிரிக்கும்; ஆனால் மிச்சக் கரைசலை நீராவி கொண்டு வற்ற வைக்க வேண்டும். வற்றியபின் கிடைப்பது குளோரைடும் சல்பேட்டும் கலந்த உப்பு. அதை யாரும் வாங்குவதில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கும், ஐப்பசி அடைமழையில் கூரை ஒழுகினால் மறுபடி கரைந்து ஓடும்.

ஆகவே உப்பை நிறுத்த வேண்டிய இடம் கொள்முதல் மேசை. உதறி எடை போட்ட தோலுக்கே விலை என்று ஆர்டரில் எழுதுங்கள். ஊறலுக்கு முன் கம்பிவலை டிரம்மில் சுற்றியோ மரச்சட்டத்தில் அடித்தோ உதறச் சொல்லுங்கள். நனைந்து குழம்பிப்போன தோலில் உப்பு உதிராது. சரக்கு இறங்கிய உடனே செய்ய வேண்டும். ஊறல் தண்ணீருக்குத் தனிக் கால்வாய் விடுங்கள். சூரிய ஆவியாக்கத் தொட்டி வைத்திருப்பவர்கள் மழை மாதங்களையும் கணக்கில் சேர்த்து அதன் பரப்பை முடிவு செய்யுங்கள்.

இது தெரியாதவர் இங்கு எவருமில்லை. பிறகு ஏன் நடப்பதில்லை? கிலோ விலையைக் குறைத்தால் கொள்முதல் மேலாளருக்குப் பாராட்டு. சுத்திகரிப்புச் செலவோ வேறொரு துறையின் பற்றுக் கணக்கில் விழுகிறது. பல ஆலைகளுக்கும் பொதுவான சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டணத்தைத் தண்ணீரின் அளவை மட்டும் பார்த்துப் பிரித்தால், உப்பைக் குறைத்தவருக்கு ஒரு பைசா மிச்சமில்லை. அளவோடு உப்புச் சுமையையும் சேர்த்துக் கட்டணம் வையுங்கள். கொள்முதல் மேலாளரின் ஊக்கத்தொகையையும் அதோடு கட்டுங்கள். எங்கள் கருத்தில் இந்த இரண்டு மாற்றமும் எத்தனையோ கொள்கை அறிக்கைகளுக்குச் சமம்.

தோலைப் பதனிடப் போடும் குரோமும் இதே கதைதான், ஆனால் லாபக் கதை. டிரம்மில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் வெளியே போகிறது. அதைத் தனியாகப் பிடித்து, சல்லடையில் நாரையும் கொழுப்பையும் நீக்கி, மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்து காரநிலையை (pH) 8-க்குச் சற்று மேலே கொண்டுவந்தால் குரோம் அடியில் கெட்டியாகப் படியும். தெளிநீரை வடித்துவிட்டு, படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் புதுக் குரோமோடு கலந்து மறுபடி போடலாம். சுண்ணாம்பு மலிவு என்று அதைப் போட்டால் சேறு பெருகும், அமிலத்தில் ஜிப்சமும் சேரும். கழுவிய தண்ணீரைக் கலந்தால் கரைசல் நீர்த்துப் போகும். கொழுப்பை விட்டுவைத்தால் தோலில் திட்டு விழும். 'மீட்ட குரோம் சரியில்லை' என்று பழியும் வரும்.

பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, 2022-23 முதல் சூழலும் சமூகமும் பற்றிய பொறுப்புடைமை அறிக்கை தர வேண்டும். உங்களில் பலர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் உங்களிடம் செருப்பும் ஷூவும் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்பதும் இதுபோன்ற எண்களைத்தான். அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் ஒரு கிலோ தோலுக்கு எத்தனை கிராம் உப்பு உள்ளே வந்தது, எத்தனை திரும்பப் பிடிக்கப்பட்டது என்ற இரண்டு எண்களை லாப நட்டக் கணக்குக்கு முன்பாக வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோல் தொழில்நுட்பமும் கழிவுநீர்ப் பொறியியலும் அறிந்த வேலூர்க்காரர்கள்