மீசை வைத்த தலையாட்டி

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை, வெறும் சோம்பல்தான். நீ திட்ட நினைத்ததை எல்லாம் திட்டிவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவன் என் உயரத்தைத் தாண்டிவிட்டான். இனி அவனை அதட்ட நான் நாற்காலி மேல் ஏறவேண்டும். மூன்றாம் மாடி விளக்கு இன்னும் எரியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் வேலையில் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைவிடப் பெரிய தப்பை அதற்கு அடுத்த நாள் செய்தேன். வீட்டில் சொன்னால் புரியாது, ஆபீசில் சொல்ல வாய் வரவில்லை. உனக்குச் சொன்னால் சிரிப்பாய். சிரித்துத் தொலை.

பேமென்ட் சர்வீசுக்குப் பதிலாக டெஸ்டுக்கென்று, அதைப்போலவே நடிக்கிற ஒரு போலி சர்வர், அதாவது மாக் சர்வர், வைத்திருந்தோமே, நீதான் 'கிளிப்பிள்ளை' என்று பேர் வைத்தாய். எவ்வளவு தொகை அனுப்பினாலும் ஐந்நூறு வந்தது என்று சொல்லும். எப்போதும் ஒரே டிரான்சாக்‌ஷன் எண். தேதி 2019-லேயே நின்றுவிட்டது. ஒரு டெஸ்டுக்குள் இரண்டு ஆர்டர் போட்டால் 'இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது' என்று டேட்டாபேஸ் கத்தும். உடனே நம் மேலதிகாரி மீசைக்காரர், இனி ஒரு டெஸ்டுக்கு ஒரு ஆர்டர்தான் என்று சட்டம் போட்டார். செருப்பு கடித்தால் காலை வெட்டுகிற ஆள்.

நீ போனபிறகு அதை நான் மாற்றினேன். மாக் சர்வரை ஓட்டுகிற மென்பொருள் வயர்மாக் அதேதான், ஆனால் பதில்களை டெம்ப்ளேட் ஆக்கினேன். ஸ்டப் என்பது, இப்படிக் கேட்டால் இப்படிச் சொல் என்று ஜேசான் என்கிற தரவு வடிவத்தில் எழுதிய ஒரு கோப்பு, அவ்வளவுதானே? அந்தப் பதிலுக்குள் வேண்டிய இடத்தில் இரட்டை வளைவு அடைப்பு போட்டு, உள்ளே என்ன வேண்டும் என்று எழுதிவிட்டால், கேள்வி வருகிற அந்தக் கணத்தில் இடம் நிரம்பிவிடும். யூஆர்எல்லின் மூன்றாவது துண்டு, கேள்வியோடு கூட வரும் குறிப்பான ஒரு ஹெடர், எங்கே இருக்கிறது என்று ஜேசான் பாத் கொடுத்தால் ரிக்வெஸ்ட் பாடிக்குள்ளிருந்து ஒரு தொகை, இந்த நிமிடத்து நேரம், இன்றிலிருந்து மூன்றாம் நாள் தேதி, யாரும் பார்த்திராத புது அடையாள எண்ணான யூயூஐடி. எந்தக் கோப்பைப் பதிலாக அனுப்புவது என்பதைக்கூட யூஆர்எல்லை வைத்தே முடிவு செய்யலாம். ஸ்டப்பில், இந்த இடங்களை நிரப்புகிற ரெஸ்பான்ஸ் டெம்ப்ளேட் டிரான்ஸ்ஃபார்மரைக் குறிப்பிட மறந்தால் அடைப்புக்குறிகள் அப்படியே வெளியே வரும். முதல் நாள் எனக்கு அப்படித்தான் வந்தது. அரை மணி நேரம் கோப்பில் எழுத்துப்பிழை தேடினேன்.

இந்த அடைப்புக்குறிக்கு ஒரு கதை இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். 2009-இல் கிறிஸ் வான்ஸ்ட்ராத் எழுதிய டெம்ப்ளேட் மொழிக்கு மஸ்டாஷ் என்று பேர். வளைவு அடைப்பைப் பக்கவாட்டில் திருப்பிப் பார், அச்சாக ஒரு மீசை. அதன்மேல் நிபந்தனைக்கு இஃப், ஒவ்வொன்றாகச் சுற்றிவர ஈச் எல்லாம் சேர்த்து யெஹூதா காட்ஸ் செய்தது ஹேண்டில்பார்ஸ், அதாவது நம் பாஷையில் முறுக்கு மீசை. வயர்மாக்கின் டெம்ப்ளேட்டுகள் இந்த முறுக்கு மீசையில்தான் ஓடுகின்றன. இதை மீசைக்காரரிடம் சொன்னேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. தடவிக்கொண்டு மட்டும் போனார்.

மீசை இரண்டா மூன்றா என்பதிலும் அடி வாங்கினேன். இது எச்டிஎம்எல் பக்கங்களுக்காகப் பிறந்த மொழி. இரட்டை அடைப்பில் போடும் மதிப்பை, பக்கத்துக்குக் கெடுதல் வராமல் மாற்றி எழுதும். கம்பெனிப் பெயரில் இருக்கும் ஆம்பர்சாண்ட் குறி போகும்போது ஒரு எழுத்து, திரும்பி வரும்போது ஐந்து எழுத்து. மூன்று அடைப்பு போட்டால் கை வைக்காமல் விட்டுவிடும். அதைவிடக் கள்ளத்தனம், இல்லாத பெயரைக் கேட்டால் அது கத்துவதே இல்லை. வெறுமையைப் போட்டுவிட்டு, எல்லாம் சரி என்கிற 200 ஓகே சொல்கிறது. யூஆர்எல்லின் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் க்வெரி பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு இரண்டு நாள் அலைந்தேன்.

தேதியையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்மட்டில் ஆண்டுக்குச் சின்ன ஒய் நான்கு போடவேண்டிய இடத்தில் பெரிய ஒய் நான்கு போட்டுவிட்டேன். ஜாவாவில் பெரிய ஒய் என்றால் வாரக் கணக்கில் வரும் ஆண்டு. வருஷம் முழுக்கச் சமர்த்தாக இருந்தது. 2024 டிசம்பர் 30 வந்ததும் மாக் சர்வர் 2025 டிசம்பர் 30 என்றது, அந்த வாரம் 2025-இன் முதல் வாரம் என்பதால். ஒரு வருஷம் முன்கூட்டியே பணம் கட்டிய நல்லவர்களாக நடந்ததையெல்லாம் பதிவு செய்யும் எங்கள் லாகில் நாற்பது பேர்.

இதெல்லாம் வேடிக்கை. இனி வருவதுதான் தப்பு.

வெற்றி தலைக்கு ஏறிவிட்டது, சிவா. தொகை இவ்வளவுக்கு மேல் போனால் மறுத்துவிடு, இந்த ஹெடர் இல்லையென்றால் அனுமதி இல்லை என்கிற 401 கொடு, கரன்சி மாறினால் இந்தக் கோப்பு என்று டெம்ப்ளேட்டுக்குள் இஃப்புக்குள் இஃப்பாக எழுதிக்கொண்டே போனேன். நூற்றி நாற்பது வரி. உள்ளே ஒரு சின்ன பேங்கே நடந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, கெட்டிக்காரி, ஒரு நாள் அந்த டெம்ப்ளேட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதிக் கொண்டுவந்தாள். போலிக்கு ஒரு பரீட்சை! அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அவளைப் பாராட்டினேன்.

பேமென்ட் சர்வீசுக்குத் தொகை அனுப்பினால், வந்த தொகை எவ்வளவு என்று பதிலில் திருப்பிச் சொல்லும். நாம் அனுப்பியதும் அது சொல்வதும் ஒன்றுதானா என்று நாம் எழுதிய நிரல், அதாவது நம் கோடு, சரிபார்க்கும். மாக் சர்வரில் அந்த இடத்தில் நான் என்ன போட்டேன்? ரிக்வெஸ்டில் வந்த தொகையையே எடுத்துப் போட்டேன். ஜேசான் பாத், இரண்டு மீசை, ஒரே வரி. எழுதியபோது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? எந்தத் தொகை அனுப்பினாலும் அதே தொகை வரும், எல்லா டெஸ்டும் பச்சை.

ஒரு மாற்றத்தில் தொகையை எழுத்தாக அனுப்ப ஆரம்பித்தோம். 1250.5 என்று போனது. மாக் சர்வர் 1250.5 என்றது. நிஜமான சர்வீஸ் எப்போதும் இரண்டு தசமம் வைத்து 1250.50 என்று சொல்லும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் இரண்டும் வேறு. ரிலீஸ் ஆன இரவு, கடைசி இலக்கம் பூஜ்யமாக முடிந்த அத்தனை பேமென்டும் 'தொகை ஒத்துப்போகவில்லை' என்று ஓரம் கட்டப்பட்டன. பணம் போய்விட்டது, ஆர்டர் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம்.

கண்ணாடி முன்னால் நின்று 'நான் சொல்வது சரிதானே?' என்று கேட்டிருக்கிறேன். அது தலையை ஆட்டியிருக்கிறது. கிளிப்பிள்ளையை நாம் கேலி செய்தோமே, அதற்காவது சொந்தமாக ஒரு பதில் இருந்தது. ஐந்நூறு என்று அடித்துச் சொல்லும். கோடு தப்பாக இருந்தால் இடிக்கும். நான் செய்த தலையாட்டி எதிலும் இடிக்கவில்லை.

இன்னொன்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அந்த மாக் சர்வர் ஒரே ஒரு தடவை எங்களோடு சண்டை போட்டது. ரெஃபரன்ஸ் எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கத்தில் ரேண்டம் எண் வைத்திருந்தேன். பத்தில் ஒரு முறை அது பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். நம் கோடு அதை எண்ணாக மாற்றும்போது முன்னால் இருக்கும் பூஜ்யம் விழுந்துவிடும், டெஸ்ட் தோற்கும். நிஜமான ஓட்டை அது. நாங்கள் என்ன செய்தோம்? 'சில நேரம் அப்படித்தான், திரும்ப ஓட்டு' என்று பட்டனை அழுத்தினோம். மாதக்கணக்கில். கடைசியில் நானே ரேண்டத்தை எடுத்துவிட்டு ஒன்றில் ஆரம்பிக்கும் நிலையான எண்ணை வைத்து அதன் வாயை அடைத்தேன்.

இனி அடுத்த நாள் கதை. மீட்டிங்கில் மீசைக்காரர் 'இந்த டெம்ப்ளேட்டை டெஸ்ட் பண்ணியது யார்?' என்று கேட்டார். அந்தப் பெண்ணின் பெயர்தான் அதில் இருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். அப்புறம்தான் 'அந்த வரி நான் எழுதியது' என்று சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடம் போகமாட்டேன் என்கிறது. நீ அந்த அறையில் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே மேஜைக்கு அடியில் என் காலை உதைத்திருப்பாய்.

அவளிடம் மறுநாள் மன்னிப்பு கேட்டேன். 'பரவாயில்லை சார்' என்றாள். பரவாயில்லை என்று சொன்ன விதத்தில் பரவாயில்லை இல்லை.

இப்போது அவளும் நானும் உட்கார்ந்து டெம்ப்ளேட்டைக் கழித்துக்கொண்டிருக்கிறோம். ஐடி, நேரம் போல ஒவ்வொரு முறையும் மாறியே ஆகவேண்டியதற்கு மட்டும் மீசை. தொகையின் வடிவம், நிலை, பிழைச் செய்தி என்று எதிரே இருக்கும் சர்வீஸ் முடிவு செய்கிற எதையும் ரிக்வெஸ்டிலிருந்து எடுப்பதில்லை. நிஜமான பதிலைப் பார்த்துக் கையால் எழுதுகிறோம். மறுப்புக்குத் தனி ஸ்டப். முதலில் 'பாக்கி', இரண்டாவது முறை கேட்டால் 'முடிந்தது' என்பதற்கு இஃப் இல்லை, வயர்மாக்கின் சினாரியோவே நிலையை நினைவில் வைத்துக்கொள்கிறது. பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் எண்ணுக்கென்றே ஒரு ஸ்டப் வைக்கச் சொன்னாள். அவள் யோசனை அது. நூற்றி நாற்பது வரி முப்பத்தி ஒன்றாகிவிட்டது.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் சண்டை. ரேண்டம் வேண்டவே வேண்டாம் என்கிறாள், தோற்ற டெஸ்டைத் திரும்ப அதே மாதிரி தோற்கவைக்க முடியாது என்று. வேண்டும், ஆனால் வந்த மதிப்பை லாகில் எழுதிவைப்போம் என்கிறேன் நான். நீ எந்தப் பக்கம்? யோசித்துச் சொல், அவள் பக்கம் என்றாலும் சொல்.

ஒரு உதவி வேண்டும். நிஜ சர்வீசின் பதில்களைப் பதிவு செய்து, கார்டு எண்களை அழித்துவிட்டு ஸ்டப் ஆக்க நீ ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தாயே, அது உன் பழைய லேப்டாப்பில் இருக்கிறதா? மூடி திறக்காத அந்த லேப்டாப் என்றால் மறந்துவிடு. இருந்தால் இந்த வாரமே அனுப்பு. கமெண்டில் என்னைப் பற்றி நீ எழுதியிருந்த வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பு, அவள் படிப்பாள்.

உன்,
முரளி