தெள்ளுப்பூச்சியைக் கொல்லாத கிருமி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று என்பதைப் படித்த பிறகுதான் நிம்மதி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடியில் துணி காயப்போடுவதை மருமகளிடம் விட்டுவிட்டேன்.

1894இல் ஹாங்காங்கில் யெர்சின் என்ற மருத்துவர் பிளேக் கிருமியைக் கண்டறிந்தது வரை எழுதிவிட்டு, “அதற்கு முன் அது எங்கே இருந்ததாம்? உங்கள் உயிரியல் சொல்லட்டும்” என்று சீண்டியிருக்கிறாய். சொல்கிறேன், கேள்.

அதன் மூதாதை ஒரு சாதாரண வயிற்றுக் கிருமி. யெர்சினியா சூடோடியூபர்குளோசிஸ் என்று வாயில் நுழையாத பெயர். மண்ணிலும் நீரிலும் கிடக்கும். உணவோடு உள்ளே போனால் காய்ச்சலும் வயிற்றுவலியும் தரும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதிலிருந்து பிளேக் கிருமி பிரிந்து சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பரிணாமக் கணக்கில் இது கைக்குழந்தை.

பிளாஸ்மிட் எனப்படும் தனி டிஎன்ஏ வளையங்கள் இரண்டை அது புதிதாகப் பெற்றது உண்மைதான். ஒன்றில் உள்ள மரபணு அதைத் தெள்ளுப்பூச்சியின் குடலில் சாகாமல் காக்கிறது. மற்றொன்றில் உள்ளது நம் உடலுக்குள் பரவ உதவுகிறது. ஆனால் என்னை வியக்க வைப்பது அது இழந்தவை. பழைய கிருமி யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கும்; அது தெள்ளுப்பூச்சிக்கு நஞ்சு. ஏறிய வண்டியையே கவிழ்த்துவிடும் பயணி எங்கே போய்ச் சேர முடியும்? பிளேக் கிருமியில் அந்த நொதிக்கான ஒரு மரபணு பழுதாகிவிட்டது, பூச்சி பிழைத்துக்கொண்டது. கிருமிகள் பிசுபிசுப்பான படலமாகத் திரளாமல் தடுத்துவந்த வேறு சில மரபணுக்களும் பழுதாயின. இப்போது அந்தப் படலம் பூச்சியின் முன்குடலை அடைத்துக்கொள்கிறது. குடித்த இரத்தம் வயிற்றுக்குப் போகாததால் பசியில் அது மாறி மாறிக் கடிக்கிறது. கடித்த இடத்திலெல்லாம் கிருமியைக் கக்குகிறது. பிறகுதான் நெறி கட்டுவதும் மற்றதும்.

இதைத் ‘தந்திரக் கிருமி’ என்று பத்திரிகைகள் எழுதும்போது எரிச்சலாக வருகிறது. தந்திரம் எங்கே இருக்கிறது? தற்செயலாகப் பழுதானவற்றில் சில பிழைத்தன, அவ்வளவுதான்.

இனி உன் பக்கமான வரலாற்றுக்கு வருகிறேன். பழைய எலும்புக்கூடுகளின் பற்களுக்குள் இந்தக் கிருமியின் டிஎன்ஏ தங்கியிருக்கிறது. 2015இல் ஐரோப்பா, ஆசியாவின் வெண்கலக் காலத்தைச் சேர்ந்த 101 பேரின் டிஎன்ஏவைச் சோதித்ததில் ஏழு பேரிடம் அது கிடைத்தது. அவற்றுள் பழையவற்றில், பூச்சியின் குடலில் காக்கும் அந்த மரபணு இல்லை! அதாவது எலித் தெள்ளுவின் துணை அமைவதற்கு முன்பே பிளேக் மனிதரைக் கொன்றிருக்கிறது. மூச்சு வழியாகவா, கால்நடை வழியாகவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2018இல் ரஷ்யாவின் சமாரா பகுதியில் 3,800 ஆண்டுப் பழைய கல்லறையில் கிடைத்த கிருமியில் அந்த மரபணு இருந்தது; அதற்குள் தெள்ளுவின் துணை அமைந்துவிட்டது.

உனக்கு மிகவும் பிடிக்கப்போவது கிர்கிஸ்தான் கதை. இஸ்ஸிக்-குல் ஏரிக்கு அருகே காரா-ஜிகாச் என்ற இடத்தில் பழைய கிறித்தவ வணிகர்களின் இடுகாடு. அங்கும் அந்த வட்டாரத்தின் இன்னொரு இடுகாட்டிலுமாக ஆண்டு தெரிந்த 467 கல்லறைக் கற்களில் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. சிலவற்றில் கொள்ளைநோயால் இறந்தார் என்று சிரியாக் என்ற பழைய கிறித்தவத் திருச்சபை மொழியில் செதுக்கியிருக்கிறார்கள். 2022இல் அங்கே புதைக்கப்பட்ட சிலரின் பற்களில் பிளேக் கிருமியைக் கண்டார்கள். 1346 முதல் ஐரோப்பாவை அழித்த கறுப்பு மரணத்தின் கிருமிக்கு அதுவே நேர் மூதாதை. கல்லில் எழுதியதும் பல்லில் இருந்ததும் இவ்வளவு சரியாக ஒத்துப்போவது அபூர்வம் இல்லையா?

அங்கிருந்து கருங்கடல் துறைமுகங்களுக்கு எட்டு ஆண்டுகளுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது மரபணுவில் இல்லை. மங்கோலியர் காலத்து வணிகப் பாதைகளைப் பற்றி நீ வகுப்பில் வைத்திருந்த வரைபடம் இன்னும் இருந்தால் நகலெடுத்து அனுப்பு. பொங்கலுக்குள் கிடைத்தால் நல்லது. பிறகு மகன் வீட்டுக்குப் போய்விடுவேன்.

அன்புடன்,
வசந்தா