பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானங்களுக்கு எழுத்தில் பதில் கோரும் மனு

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள பெற்றோர்கள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்,
அரசு மற்றும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானங்களுக்கு ஒப்புகை எண்ணும் 30 நாளில் எழுத்துப்பூர்வப் பதிலும் வழங்குதல், கூட்ட நேரம், மானியக் கணக்கு, குழு மறுகட்டமைப்பு ஆகியவற்றைச் சீர்செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி. அதன் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, அரசு தரும் மானியம் செலவாவதைக் கவனிப்பது ஆகிய மூன்றும் இக்குழுவுக்குச் சட்டம் கொடுத்த வேலைகள். தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களை மறுகட்டமைத்தபோது ஒரு தாயையே தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசு வைத்த விதியை நாங்கள் மனதார வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம்.

குழு இருக்கிறது, கூட்டமும் நடக்கிறது, தீர்மானமும் எழுதப்படுகிறது. அந்தத் தீர்மானம் பள்ளியை விட்டு வெளியே போன பிறகு என்ன ஆகிறது என்பது பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. பதில் வராத கூட்டத்துக்கு நான்காவது மாதம் யாரும் வருவதில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று அதற்குக் காரணம் சொல்வது நியாயமல்ல.

இந்த மனுவைக் கல்வித் துறைக்கு மட்டும் அனுப்பாமல் தங்களிடம் கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. ஒரு பள்ளியின் தேவைகள் ஒரே துறைக்குள் அடங்குவதில்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கூரை ஒழுகினால் அந்தக் கட்டடப் பராமரிப்பு வட்டார வளர்ச்சி அலுவலரின் பொறுப்பு. அதே பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போக வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு ஊராட்சி, வளாகத்தின் மேலே தாழ்வாகத் தொங்கும் கம்பிக்கு மின்வாரியம், சாதிச் சான்றிதழுக்கு வட்டாட்சியர். தலைமையாசிரியர் இவை அனைத்தையும் ஒரே செயலியில் பதிவேற்றுகிறார், அல்லது ஒரே கடிதமாக எழுதித் தன் மேலதிகாரிக்கு அனுப்புகிறார். கல்வித் துறை தன் பங்கைப் பார்க்கிறது. மற்றத் துறைகளின் மேசைக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஆளில்லை. இத்தனை துறைகளையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்துக் கேட்கக்கூடியவர் மாவட்டத்தில் தாங்கள் ஒருவரே.

எனவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும், மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்குக் கிடைப்பதைப் போல, ஓர் ஒப்புகை எண் வேண்டும். தொடர்புடைய துறையின் அலுவலர் 30 நாளுக்குள் செய்யப்பட்டது, இந்தத் தேதிக்குள் செய்யப்படும், செய்ய இயலாது என்ற மூன்றில் ஒன்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இயலாது என்றால் காரணமும் வேண்டும். நிதி இல்லை என்ற பதிலைக்கூட நாங்கள் ஏற்போம். அது எழுத்தில் இருந்தால்தான் கிராம சபையிலோ சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதிக்கோ அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க முடியும். அந்தப் பதிலின் நகல் தலைமையாசிரியருக்கு மட்டும் போகாமல் குழுத் தலைவருக்கும் வர வேண்டும்.

தீர்மானம் எழுதுவதில் எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. ‘சுற்றுச்சுவர் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் எந்தப் பொறியாளராலும் அதை வைத்து மதிப்பீடு போட முடியாது. ‘வடக்குப் பக்கம் 22 மீட்டருக்குச் சுவர் இல்லை, அதை ஒட்டி 6 மீட்டரில் வாய்க்கால் இருக்கிறது, படம் இணைப்பில்’ என்று எழுதினால் அது வேலையாக மாறும். ‘கழிப்பறை சரியில்லை’ என்பதும் அப்படித்தான். நான்கு கழிப்பறையில் எத்தனைக்குத் தாழ்ப்பாள் இல்லை, தொட்டியிலிருந்து குழாய் எங்கே உடைந்திருக்கிறது, மோட்டார் எந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை என்று இருக்க வேண்டும். ஆசிரியர் கேட்கும் தீர்மானத்தில் வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை இல்லாவிட்டால் அது வெறும் வேண்டுகோள். சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. பள்ளியில் 64 பிள்ளைகள் இருந்து 2 ஆசிரியர் மட்டும் இருந்தால், அந்த இரண்டு எண்களையும் எழுதினாலே அது சட்டப்படியான கோரிக்கை ஆகிவிடும். குழு உறுப்பினர்களுக்கான பயிற்சியில் இதைத்தான் சொல்லித்தர வேண்டும். திட்டங்களின் பெருமையை விளக்கும் உரையைக் குறைத்து, ஒரு மணி நேரம் ஒரு தீர்மானத்தை எழுதவைத்துத் திருத்திக்கொடுத்தால் போதும்.

கூட்ட நேரம் பற்றி. வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரே நேரம் வைப்பது பொருந்தவில்லை. தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போய்விட்டுக் காலையில் கரை திரும்பும் குடும்பங்களுக்குப் பிற்பகல் வசதியாக இருக்கலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பட்டறையில் கிலோ கணக்கில் கூலி வாங்கும் தாய் பிற்பகலில் எழுந்து வந்தால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போகும். நெய்வேலியில் ஷிப்டு வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். கூட்டம் மாதந்தோறும் நடக்கட்டும், நாளையும் நேரத்தையும் அந்தந்தக் குழுவே தீர்மானித்துக்கொள்ளட்டும். மாலை 6 மணிக்கோ ஞாயிறு காலையிலோ நடத்த அனுமதி வேண்டும். அப்படி வரும் ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்பு தர வேண்டும் என்பதையும் நாங்களே கேட்கிறோம், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. கூட்டப் பொருளை 7 நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையிலும் பிள்ளைகளின் நாட்குறிப்பிலும் தர வேண்டும். வாட்ஸ்அப் மட்டும் போதாது. பல வீடுகளில் கைபேசி தந்தையோடு வேலைக்குப் போய்விடுகிறது, தலைவரான தாய்க்குச் செய்தி இரவில்தான் தெரிகிறது.

பதிவேட்டில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு தீர்மானத்தை நிரப்பும் பழக்கம் நிற்க வேண்டும். தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகே கையெழுத்து என்று ஒரு சுற்றறிக்கை போதும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு இந்தப் படித்துக் காட்டுதல் ஒன்றே பாதுகாப்பு. கூட்ட முடிவுகள் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்துக்கான மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆனால் நகல் கேட்கும் பெற்றோரை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள் என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது. தாங்களே உட்கார்ந்து நிறைவேற்றிய தீர்மானத்தைப் படிக்க உறுப்பினர்கள் 10 ரூபாய் கட்டி 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

மானியக் கணக்கும் அப்படித்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 101 முதல் 250 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் ரூ. 50,000 என்பது திட்ட விதி. அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு. அதாவது ரூ. 5,000, பள்ளி நடக்கும் 10 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500 ரூபாய். இந்தப் பணத்தில் பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம் வாங்கிய பிறகு மிச்சம் எதுவும் இருக்காது என்பது வீட்டுக் கணக்குப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் புரியும். பணம் வந்த தேதி, தொகை, ரசீது வாரியாகச் செலவு, இருப்பு ஆகிய நான்கையும் காலாண்டுக்கு ஒருமுறை ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் முதலில் கைப்பணத்தைப் போட்டுத்தான் செலவு செய்கிறார்கள். கணக்கு வெளியே தெரிந்தால் அவர்கள் மீது விழும் வீண் சந்தேகமும் நீங்கும். தலைவரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவைக்கும் முறை எங்கிருந்தாலும் அதை உடனே நிறுத்த வேண்டும்.

குழுவின் பதவிக்காலம் இரண்டு ஆண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டமோ, மத்திய விதிகளின்படி மூன்று ஆண்டுக்கு உரியது. பழைய குழு போகும்போது திட்டமும் அதனோடு போய்விடுகிறது, புதிய குழு வெற்றுத்தாளில் தொடங்குகிறது. 2024-இல் அமைந்த குழுக்களுக்குப் பின் மறுகட்டமைப்பு நடக்கையில், நிலுவைத் தீர்மானங்களின் பட்டியல், வளர்ச்சித் திட்டம், வங்கி இருப்பு மூன்றையும் பழைய தலைவர் புதிய தலைவரிடம் கையெழுத்திட்டு ஒப்படைக்க ஆணையிட வேண்டுகிறோம். குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று வருகைப் பதிவைக் கூட்டம் முடிந்ததும் ஒட்ட வேண்டும். நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கிய சமூகத்தினருக்கும் அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப இடம் என்று சட்டம் சொல்கிறது. இருளர் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளியில் அந்தக் குடும்பங்களுக்கு நேரில் போய்ச் சொல்லாமல் ‘யாரும் வரவில்லை’ என்று எழுதக்கூடாது.

வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பருவத்தையும் மாற்ற வேண்டும். மத்திய விதிகள் சொல்வதுபோல நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன் என்றால் டிசம்பர் இறுதி. கடலூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2024-இல் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை வெள்ளம். பள்ளிகள் மூடிக்கிடக்கும், சில பள்ளிகள் நிவாரண முகாமாக இருக்கும். அந்த வாரங்களில் எழுதும் திட்டம் போன ஆண்டின் நகலாகத்தான் இருக்கும். ஆகஸ்டில் வரைவு, செப்டம்பரில் பெற்றோர் கூட்டத்தில் ஒப்புதல், அக்டோபர் 2 கிராம சபையில் ஊராட்சி தொடர்பான பகுதியை வைத்தல் என்று வரிசைப்படுத்தலாம். முதல் மழை பெய்த மறுநாள் தலைவரும் தலைமையாசிரியரும் வகுப்பறை வகுப்பறையாகப் போய் ஒழுகும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துப் படமெடுத்துத் திட்டத்தோடு சேர்த்துவிட்டால், கோடையில் மராமத்துக்கு இடம் தேட வேண்டியதில்லை.

தனித்தனிப் பெற்றோரின் உரிமை குறித்தும் ஒன்று. ஆசிரியர் பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் 24-ஆம் பிரிவு. இப்போது அது ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்குவதாகச் சுருங்கிவிட்டது. பிள்ளைக்கு 10 நிமிடம் என்றால் 35 பேர் உள்ள வகுப்புக்கு 350 நிமிடம். ஒரே நாளில் முடியாது. நாளுக்கு 12 பேர் என்று மூன்று மாலைகள், பருவத்துக்கு ஒருமுறை. பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது, எந்தக் கணக்கில் நிற்கிறது என்று நோட்டைத் திறந்து காட்டினால் படிக்காத பெற்றோருக்கும் விளங்கும்.

புகார் சொன்னால் பிள்ளைக்கு டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. தொடக்கக் கல்வி (எட்டாம் வகுப்பு) முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்பதையும், 32-ஆம் பிரிவின்படி கொடுக்கும் எழுத்துப் புகாரை மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்பதையும், 14417, 1098 ஆகிய உதவி எண்களையும் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க உத்தரவிட வேண்டுகிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது கடினம் என்பதை அறிவோம். ஒப்புகை எண், 30 நாளில் பதில் ஆகிய இரண்டை மட்டுமாவது கடற்கரையோரத்தில் ஒன்று, முந்திரிக்காட்டுப் பகுதியில் ஒன்று, விருத்தாசலம் பக்கம் ஒன்று என மூன்று ஒன்றியங்களில் ஆறு மாதம் நடத்திப் பார்க்க ஆணையிடுங்கள். மாதந்தோறும் துறை அலுவலர்களின் ஆய்வுக் கூட்டத்தில் நிலுவைத் தீர்மானங்களின் எண்ணிக்கையைத் தாங்கள் கேட்டறிய வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மூன்று ஒன்றியங்களிலிருந்தும் தலா ஒரு தாய்த் தலைவரை அழைத்தால், கூலி நாளை விட்டுவிட்டு வர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள பெற்றோர்கள்.

இடம்: கடலூர்

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், கடலூர்.
திட்ட இயக்குநர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, கடலூர்.