வடக்கு தெரியாத வண்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

ரோபோ வண்டியை வைத்துப் பிள்ளைகளுக்குக் காந்தவியல் சொல்லிக்கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. மோட்டார் உள்ள வண்டியில் திசைகாட்டிப் பாடம் வேண்டாம் என்ற யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, மைக்ரோபிட் என்ற, திசைகாட்டி உள்ள சின்னக் கணினி அட்டையைப் பொருத்திய இரண்டு சக்கர வண்டிக்கு 'வடக்கு வந்ததும் நில்' என்று நிரல் எழுதினாள். வண்டி சுற்றிச் சுற்றி, கடைசியில் பூஜை அறையைப் பார்த்து நின்றது. அது கிழக்கு. அட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தால் வடக்கு சரியாக வருகிறது, வண்டியில் மாட்டினால் மறுபடியும் தப்பு. "வண்டிக்குள்ளே காந்தம் இருக்கா தாத்தா?" என்று எங்கள் தீவின் கிரியோல் மொழியில் கேட்டாள். இருக்கிறது, அந்த மஞ்சள் மோட்டார் ஒவ்வொன்றிலும். நான் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா?

தப்பும் ஒரே அளவில் இல்லை. வண்டி பார்க்கும் பக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. இதே தொல்லை மாத்யூ பிளிண்டர்ஸுக்கும் இருந்தது. ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்தவர், 1803இல் ஒழுகும் கப்பலோடு நம் தீவில் ஒதுங்கினார். பிரெஞ்சு ஆளுநர் பிடித்து வைத்துக்கொண்டு 1810 வரை விடவில்லை. கப்பலின் முகம் திரும்பத் திரும்பக் காந்த முள்ளும் பிசகுவதற்குக் கப்பலில் இருக்கும் இரும்பே காரணம் என்று, காவலில் இருந்தபடியே எழுதி அனுப்பினார். லண்டன் ராயல் சொசைட்டி அதை 1805இல் வெளியிட்டது. இந்தத் தீவுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான காந்தப் பாடம் எங்கே கிடைக்கும்?

இங்கே பூமியின் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லாகூட (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இல்லை. விரற்கடை தூரத்தில் உள்ள மோட்டார் காந்தம் அதைச் சுலபமாக அமுக்கிவிடும். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் அந்தக் காந்தத்தின் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். பேத்தி அட்டையை ஒரு சாண் தூக்கிக் கட்டினாள். வண்டி வடக்கே நின்றது, கொஞ்சம் முன்னே பின்னே.

அட்டையைச் சாய்த்துச் சாய்த்து அதன் 25 விளக்குகளையும் ஏற்றும் திசைகாட்டி அளவுத்திருத்தத்தை வண்டியோடு சேர்த்தே செய்தால், மோட்டாரின் பங்கைக் கருவியே கழித்துவிடும். அது அப்புறம் ஆகட்டும். முதல் நாளே செய்துவிட்டால் பிள்ளைக்கு எதுவும் தெரியாமல் போகும்.

தூக்கிக் கட்ட ஒரு மரத்துண்டும் இரண்டு ரப்பர் பேண்டும் போதும். ஆணி அடித்துவிடாதீர்கள், நாங்கள் முதலில் அதைத்தான் செய்தோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்